சனிக்கிழமைக் கூலி கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்காது!

சுங்கவரி வாபஸ் முறை மாறுகிறது என்று ஒரு செய்தி வந்தால், நமது தோழர்களில் பலர் “இது முதலாளிமார் சமாசாரம், நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டி விடுவார்கள். புரட்ட வேண்டாம், தோழர்களே! சுங்க இலாகாவின் கம்ப்யூட்டர் ஒரு பில்லை ஏற்க மறுத்தால், அதன் அடி கடைசியில் எங்கே விழுகிறது தெரியுமா? திருப்பூரில் ஒரு சந்துக்குள் இருபது தையல் மெஷின் ஓடும் பவர் டேபிளில் விழுகிறது. சனிக்கிழமை மாலை வர வேண்டிய கூலி, “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்ற ஜவாபாக வந்து சேருகிறது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத தொழிலாளி, அதன் பிழைக்கு அபராதம் கட்டுகிறான். இந்தக் கணக்கை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், வாபஸ் என்றால் என்ன?

ஒரு பனியன் கப்பலேறுகிறது. அதற்குப் போட்ட சாயத்திலும், தைத்த பட்டனிலும், ஜிப்பிலும் வெளிநாட்டுச் சரக்கு கலந்திருக்கலாம். அதற்கு இறக்குமதி வரி கட்டியாகி விட்டது. ஆனால் பனியன் இந்த நாட்டில் விற்கப்படவில்லை, வெளிநாட்டுக்குப் போகிறது. ஆகவே உள்ளே வரும்போது வாங்கிய வரியை, வெளியே போகும்போது திருப்பிக் கொடுப்பதுதான் முறை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 75ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. கம்பெனி ஆபீசில் “டிராபாக்” என்று சொல்கிறார்களே, அது இதுதான். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபிறகு இதனுடன் இன்னொரு வாபஸும் சேர்ந்துகொண்டது. ஏற்றுமதிச் சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. என்ற வரியைக் கட்டி அனுப்பினால், சரக்கு வெளியேறியபின் அதையும் சுங்க இலாகாவே திருப்பித் தர வேண்டும். பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரி கட்டாமல் அனுப்பும் வழியும் உண்டு. ஆனால் வரியைக் கட்டிவிட்டு வாபஸுக்குக் காத்திருக்கும் வழியில் போனவர்கள் ஏராளம்.

ஆக, இது தருமம் அல்ல; சலுகை அல்ல; யாரும் யாருக்கும் போடும் பிச்சை அல்ல. கட்டிய பணம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். கடன் வாங்கியவன் கடனைத் திருப்பித் தருவதை உபகாரம் என்று யாராவது சொல்வார்களா? சர்க்கார் மட்டும் சொல்கிறது!

பழைய முறை பொற்காலமாக இருந்ததா? இல்லவே இல்லை. மனுவை மூன்று நான்கு பிரதிகள் எழுத வேண்டும். கட்டுக் கட்டாகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கிளியரிங் ஏஜெண்டின் குமாஸ்தா மேஜைக்கு மேஜை நடக்க வேண்டும். ஒரு மேஜையில் கையெழுத்து விழுந்தால் அடுத்த மேஜையில் ஆபீசர் லீவு. பைல் தானாக நகராது; அதை நகர்த்த என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். 1990களின் நடுவில் சுங்கக் காரியாலயங்களுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியது. அதன்பின் அந்த மேஜை யாத்திரை குறைந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆகவே இயந்திரம் வந்ததே பாவம் என்று பாட நாம் வரவில்லை.

நமது கேள்வி வேறு. பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறும்போது இடையில் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் யார் விழுகிறார்கள்? மாற்றத்துக்கு உத்தரவு போட்டவர்களா? உத்தரவைப் படித்தே அறியாதவர்களா?

2017இல் நடந்ததைப் பாருங்கள்.

புதிய முறை காகிதத்தில் வெகு அழகு. வாபஸுக்குத் தனி மனு வேண்டாம். சரக்கை அனுப்பும்போது தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லே மனுவாகக் கருதப்படும். ஆபீசரைப் பார்க்க வேண்டாம், கம்ப்யூட்டரே ஒத்துப்பார்க்கும், கணக்குச் சரியாக இருந்தால் பணம் நேராகப் பாங்கிக்கு வந்துவிடும். கேட்பதற்கு எவ்வளவு இனிமை!

ஆனால் கம்ப்யூட்டர் எதை எதோடு ஒத்துப்பார்க்கிறது? சுங்க இலாகாவிடம் உள்ள ஷிப்பிங் பில் ஒன்று. ஜி.எஸ்.டி. கணக்கில் ஏற்றுமதியாளர் எழுதிய இன்வாய்ஸ் விவரம் இரண்டு. கப்பல் கம்பெனி, “இந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்” என்று தாக்கல் செய்ய வேண்டிய ஏற்றுமதிப் பட்டியல் மூன்று. மூன்றும் எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். எஸ்.பி. 002 என்றால் கப்பல் பட்டியல் வரவில்லை. எஸ்.பி. 003 என்றால் வரிப் பதிவு எண் ஒத்துவரவில்லை. எஸ்.பி. 005 என்றால் இன்வாய்ஸ் எண் ஒத்துவரவில்லை. எஸ்.பி. 006 என்றால் உள்நாட்டுக் கிடங்கிலிருந்து போன சரக்குக்குத் துறைமுகத்துப் பட்டியல் வரவில்லை.

இந்த 005ஐக் கேளுங்கள். ஏற்றுமதி செய்கிறவர்கள் பலர், வெளிநாட்டு வியாபாரிக்கு ஒரு இன்வாய்ஸ் எண்ணும், வரிக் கணக்குக்கு வேறொரு இன்வாய்ஸ் எண்ணும் வைத்திருந்தார்கள். அது களவு அல்ல. காலங்காலமாக இருந்த வியாபாரப் பழக்கம். ஷிப்பிங் பில்லில் ஓர் எண், வரிக் கணக்கில் இன்னோர் எண். சரக்கு ஒன்றுதான், பணம் ஒன்றுதான், வரி கட்டியதும் உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண் ஒன்றுதானே? “ஒத்துவரவில்லை” என்றது, நிறுத்தியது. மனிதன் உட்கார்ந்திருந்த மேஜையாக இருந்தால், இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் “சரி” என்றிருப்பான்.

006 இன்னும் விசித்திரம்! கோவைப் பக்கத்தில் இருகூர் போன்ற உள்நாட்டுக் கிடங்கில் சரக்கை ஒப்படைத்துவிட்டால், ஏற்றுமதியாளரின் வேலை முடிந்தது. அங்கிருந்து துறைமுகம் போய்க் கப்பலேறியபின், பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டியது கப்பல் தரப்பின் பொறுப்பு. அவர்கள் தாக்கல் செய்யாவிட்டால், தவறாகச் செய்தால், வாபஸ் யாருக்கு நிற்கிறது? சரக்கை ஒழுங்காக அனுப்பியவனுக்கு! ஒருவன் செய்த பிழைக்கு இன்னொருவனுக்குத் தண்டனை. இதற்குப் பெயர் நவீன நிர்வாகமாம்!

ஜூலையில் அனுப்பிய சரக்கின் வாபஸ் எப்போது தொடங்கும் என்று சர்க்கார் சொன்னது? 2017 அக்டோபர் 6ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, ஜூலை மாத வாபஸ் அக்டோபர் 10 முதலும், ஆகஸ்டு மாத வாபஸ் அக்டோபர் 18 முதலும் தொடங்கும் என்று அறிவித்தது. மூன்று மாதம் கழித்துத் தொடக்கம்! அந்தத் தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கான பில்கள் 005இலும் 006இலும் மாட்டிக்கொண்டன. பிறகு என்ன செய்தார்கள்? 2018 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, 005இல் சிக்கிய பில்களை ஆபீசர் பார்த்துச் சரிசெய்ய வழி திறந்தார்கள். 2018 மார்ச்சில் “வாபஸ் இருவாரம்” என்று ஒரு சிறப்பு இயக்கம் நடத்தினார்கள். அதில் தீராமல் மே 31 முதல் ஜூன் நடுவரை இன்னொரு இருவாரம் நடத்தினார்கள்.

இதைக் கவனியுங்கள், தோழர்களே. மனிதக் கை படாமல் எல்லாம் நடக்கும் என்று கொண்டுவந்த முறையை, எட்டு மாதம் கழித்து மனிதக் கையைக் கொண்டுதான் தூக்கி நிறுத்தினார்கள்! சுங்க ஊழியர்கள் சனி, ஞாயிறு பாராமல் உட்கார்ந்து பைலைத் தீர்த்தார்கள். அந்த ஊழியர்கள்மீது நமக்குக் குற்றச்சாட்டு ஏதுமில்லை, அவர்களும் உழைப்பாளிகளே. ஆனால் கடைசியில் தேவைப்பட்ட மனித ஜன்னலை முதல் நாளே திறந்து வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சரி, அந்த எட்டு மாதம் யார் தாங்கினார்கள்?

பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பாங்கியில் கடன் வரம்பு உண்டு. சொத்து உண்டு, சொந்த ஆடிட்டர் உண்டு, டில்லியில் பேச ஆள் உண்டு. அவன் சமாளிப்பான். சமாளிக்கும் வழி என்ன தெரியுமா? தனக்கு வர வேண்டியது நின்றால், தான் கொடுக்க வேண்டியதை நிறுத்துவான். சாயப்பட்டறைக்குக் கொடுக்க வேண்டியதை நிறுத்துவான், நிட்டிங்காரனுக்கு நிறுத்துவான், தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரனுக்கு நிறுத்துவான். பவர் டேபிள்காரன் யார்? நேற்றுவரை டைலராக இருந்து, நகையை அடகு வைத்து நாலு மெஷின் போட்டவன். அவனுக்குப் பாங்கி வரம்பு இல்லை, வட்டிக்காரன்தான் உண்டு. அவனும் முடிந்தவரை தாங்குவான். பிறகு தாங்க மாட்டான். அவனுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? ஓவர்லாக் டைலர், கைமடி, செக்கிங் பெண், அயர்ன்காரர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, வாரக் கூலியிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள். அவர்களுக்குக் கீழே யார்? யாருமில்லை! ஆகவே டில்லியில் புறப்பட்ட தாமதம் அங்கே வந்து நின்றுவிடுகிறது. மளிகைக் கடைப் பாக்கியாக, வீட்டு வாடகைப் பாக்கியாக, பள்ளிக்கூடச் சம்பளப் பாக்கியாக அங்கே தங்கிவிடுகிறது.

திருப்பூரின் பனியன் ஏற்றுமதி 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இதைச் சொல்லி மந்திரிமார்கள் மார்தட்டுகிறார்கள். தட்டட்டும்! ஆனால் அந்தக் கோடிகளைத் தைத்தவனின் வாரக் கூலி, எங்கோ ஓர் எண் ஒத்துவராததால் நிற்கக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். 2025 ஆகஸ்டு 27ஆம் தேதி முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவிகிதம் வரி விதித்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. அப்படிப்பட்ட நாளில் வர வேண்டிய பாக்கி வந்தால்தான் சிறு பட்டறை உயிரோடு இருக்கும். நல்ல நாளில் தாமதம் தொல்லை; கெட்ட நாளில் தாமதம் கதவடைப்பு.

இப்போது வட்டிக் கணக்குக்கு வருவோம். சர்க்காரின் நியாயம் எப்படிப்பட்டது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

சுங்கச் சட்டத்தில் 75ஏ என்று ஒரு பிரிவு. அதில் இரண்டு உட்பிரிவு. முதலாவது: டிராபாக் கேட்டு ஒரு மாதத்துக்குள் சர்க்கார் கொடுக்காவிட்டால், சர்க்கார் வட்டி தர வேண்டும். இரண்டாவது: தவறாகக் கொடுத்துவிட்ட டிராபாக்கை வாங்கியவன் திருப்பித் தர வேண்டியிருந்தால், அவன் வட்டி தர வேண்டும். நியாயமாகத் தோன்றுகிறது அல்லவா? விகிதத்தைப் பாருங்கள். சர்க்கார் தரும் வட்டி 6 சதவிகிதம். சர்க்காருக்குத் தர வேண்டிய வட்டி 15 சதவிகிதம்! ஜி.எஸ்.டி.யிலும் இதே கதைதான். வரி கட்டத் தாமதித்தால் 18 சதவிகிதம் வட்டி; வாபஸ் தரச் சர்க்கார் 60 நாளைத் தாண்டினால் 6 சதவிகிதம். ஒரே பணம், ஒரே நாள் கணக்கு. ஆனால் இரண்டு தராசு. சந்தையில் இப்படி இரண்டு படிக்கல் வைத்திருக்கும் வியாபாரியை எடை இலாகா பிடித்து அபராதம் போடும். சர்க்காரைப் பிடிக்க எந்த இலாகா உண்டு?

அந்த 6 சதவிகிதமாவது வருகிறதா? அங்கேதான் பெரிய வித்தை. 60 நாள் என்பது மனுக் கொடுத்த நாளிலிருந்து. மனுக் கொடுத்த நாள் எது? 2022 ஜூலையில் விதியைத் திருத்தினார்கள். ஷிப்பிங் பில்லுக்கும் ஜி.எஸ்.டி. கணக்குக்கும் விவரம் ஒத்துவராவிட்டால், அந்தப் பொருத்தமின்மையை ஏற்றுமதியாளர் திருத்திய நாளில்தான் மனு தாக்கலானதாகக் கருதப்படும் என்று எழுதினார்கள். இந்தத் திருத்தம் என்றிலிருந்து செல்லுபடியாகும் தெரியுமா? 2017 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து! ஐந்து வருஷம் பின்னால் போய்க் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். 2017இல் குழப்பம் செய்த முறை சர்க்காருடையது. அதைச் சரிசெய்ய வழி திறக்கத் தாமதித்ததும் சர்க்கார். கடைசியில், “அந்தத் தாமத நாட்கள் கணக்கிலேயே இல்லை” என்று விதி எழுதியதும் சர்க்கார். ஆட்டக்காரனும் அவனே, நடுவரும் அவனே, கடிகாரமும் அவன் கையிலே!

இதோடு இன்னொரு புதுமை. ஆயத்த ஆடைகளுக்கு, மத்திய மாநில வரிகளை ஈடுசெய்யும் ஒரு திட்டம் உண்டு. அதன்கீழ் வர வேண்டியதை இப்போது பணமாகத் தருவதில்லை. கம்ப்யூட்டர் கணக்கில் மின்னணுப் பற்றுச்சீட்டாகத் தருகிறார்கள். அந்தச் சீட்டைக் கொண்டு அரிசி வாங்க முடியுமா? சம்பளம் போட முடியுமா? முடியாது. இறக்குமதிச் சுங்கவரி கட்டத்தான் உதவும். எதையும் இறக்குமதி செய்யாத சிறு ஏற்றுமதியாளன் என்ன செய்வான்? இறக்குமதி செய்யும் பெரிய வியாபாரியிடம் அதைக் குறைந்த விலைக்கு விற்பான். நூறு ரூபாய்ச் சீட்டு நூறு ரூபாய்க்குப் போகாது. இடையில் கழியும் பணம், கையில் ரொக்கம் வைத்திருக்கும் பெரியவனுக்குப் போகிறது. சிறியவனுக்குத் தர வேண்டிய வாபஸ், பெரியவனுக்குத் தள்ளுபடியாக மாறுகிறது. இதையும் சீர்திருத்தம் என்கிறார்கள்.

நல்லது நடந்தால் நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 2024 ஜூன் 5 முதல் டிராபாக் பணத்தை மத்தியக் கணக்கு முறை மூலம் நேராக ஏற்றுமதியாளரின் பாங்கிக் கணக்கில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு துறைமுகத்துப் பாங்கிக் கிளையையும் சுற்றிவந்த பழைய வழி போயிற்று. இது வரவேற்கத் தக்கது. இயந்திரம் சரியாக ஓடினால் சிறியவனுக்கும் லாபம்தான். ஆனால் இங்கும் பாங்கிக் கணக்கு விவரம் இலாகா ஏட்டோடு ஒத்து உறுதியாக வேண்டும். உறுதியாகாவிட்டால் பணம் நிற்கும். அப்படி நின்றால், நின்றதை எடுத்துச் சொல்ல ஒரு மனிதன் வேண்டும். அவனுக்குத் திருத்தும் அதிகாரமும் வேண்டும். நமது வாதம் எப்போதும் அந்த ஒரே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறது.

“போலி பில் போட்டு வாபஸை விழுங்குகிறார்களே, சோதிக்க வேண்டாமா?” என்று டில்லிக்காரர்கள் கேட்பார்கள். சோதிக்க வேண்டும்; கட்டாயம் சோதிக்க வேண்டும். பொதுப்பணத்தைத் திருடுகிறவனைக் காப்பாற்ற நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் போலி ஏற்றுமதியாளனிடம் பில் இருக்கும். தையல் மெஷின் இருக்காது. மின்சார பில் இருக்காது. பிராவிடண்ட் பண்டு கட்டிய தொழிலாளி இருக்க மாட்டான். பட்டறையை ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் யார் கள்ளன், யார் உழைக்கிறவன் என்று தெரிந்துவிடும். வந்து பார்க்க ஆளை நியமிக்காமல், எண் ஒத்துவராத எல்லாரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது திருடனைப் பிடிக்கும் வழியல்ல. எண்களைக் கச்சிதமாக ஒத்துவரச் செய்யக் கெட்டிக்காரத் திருடனுக்குத் தெரியும். தடுமாறுவது எழுதப் படிக்க ஆள் வைக்க முடியாத சிறு பட்டறைக்காரன்தான்!

இனி முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை.

உங்கள் வாபஸ் காலத்தில் வர வேண்டும் என்று நாமும் கேட்கிறோம். ஆனால், “வாபஸ் வரவில்லை, ஆகவே கூலி இல்லை” என்ற பல்லவியை நாம் ஏற்க மாட்டோம். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமுலில் இருக்கிறது. அதன் 17ஆவது பிரிவின்படி, வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலைநாளில், அதாவது வார விடுமுறைக்கு முன்னால், கொடுத்துவிட வேண்டும். மாதச் சம்பளமானால் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். வாபஸ் வந்தால் கொடு, வராவிட்டால் நிறுத்து என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. லாபம் அதிகமாக வந்த வருஷங்களில் “வாபஸ் சீக்கிரம் வந்தது, ஆகவே கூலியை உயர்த்துகிறோம்” என்று சொன்னவர் யார்? லாபம் உங்களுடையதானால் காத்திருப்பும் உங்களுடையது. இந்த நகரத்துத் தொழிலாளி 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நின்றவன். அவனுக்குச் சட்டமும் தெரியும், சந்தும் தெரியும்.

“நீங்கள் கம்ப்யூட்டர் விரோதிகள்” என்று நம்மைப் பார்த்துச் சிலர் ஏளனம் செய்வார்கள். 1960களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கல்கத்தாவில் இலாக்கோ கட்டடத்தில் கம்ப்யூட்டர் வைக்க முனைந்தபோது, ஊழியர்கள் வாசலில் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அந்தக் கதையை இன்றும் கேலியாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஊழியர்கள் கேட்ட கேள்வி என்ன? “இயந்திரத்தின் லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு?” என்பதுதான். அறுபது வருஷம் ஓடிவிட்டது; இயந்திரம் ஆயிரம் மடங்கு வேகமாகிவிட்டது; கேள்வி மட்டும் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஜவாபு சொல்லாதவர்கள் கேலி செய்வதில் என்ன பொருள்?

ஆகவே, வாபஸ் முறையை எப்போது மாற்றினாலும், எப்படி மாற்றினாலும், நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: புதிய முறை ஓடிக் காட்டும்வரை பழைய வழி மூடப்படக் கூடாது. இரண்டும் கொஞ்ச காலம் சேர்ந்து ஓட வேண்டும்.

இரண்டு: சரக்கு கப்பலேறியது உறுதியாகி, எண் மட்டும் ஒத்துவராத பில்லுக்கு, 90 சதவிகிதத்தை உடனே தற்காலிகமாகக் கொடுத்துவிட்டு, மீதியை விசாரித்துக் கொடுக்கட்டும். வரி கட்டாமல் அனுப்பி, மூலப்பொருள் வரியை வாபஸ் கேட்பவர்களுக்கு ஏழு நாளுக்குள் 90 சதவிகிதம் தரும் விதி ஜி.எஸ்.டி.யிலேயே இருக்கிறது. அங்கே இருக்கும் நியாயம் இங்கே ஏன் இல்லை?

மூன்று: வட்டிக் கடிகாரம் சரக்கு வெளியேறிய நாளில் ஓடத் தொடங்க வேண்டும். இலாகாவின் முறையாலோ, கப்பல் தரப்பின் தவறாலோ நின்ற நாட்களைக் கழிக்கக் கூடாது. வட்டி கேட்காமலே கணக்கில் வர வேண்டும். வாங்கும் விகிதமும் கொடுக்கும் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான்கு: திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் திருத்தும் அதிகாரம் உள்ள ஆபீசர் அமர்ந்த ஜன்னல் ஒன்று வேண்டும். கம்ப்யூட்டர் காட்டும் பிழை வெறும் குறியீடாக இல்லாமல், தமிழில், சிறு பட்டறைக்காரனுக்கும் புரியும்படி இருக்க வேண்டும்.

ஐந்து: சிறு ஏற்றுமதியாளருக்குப் பற்றுச்சீட்டு வேண்டாம், ரொக்கமாகக் கொடுக்க வேண்டும்.

இவை எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் காரியங்கள் அல்ல. மாற்றுகிறவன் மாற்றத்தின் செலவை ஏற்க வேண்டும் என்ற ஒரே நியாயத்தின் ஐந்து கிளைகள்.

தோழர்களே! நமது கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. வாபஸ் வரவில்லை என்று கூலியைத் தள்ளிப்போடும் பட்டறை எது, எத்தனை பேருக்கு, எத்தனை வாரம் என்று எழுதி வையுங்கள். வாய்ச்சொல் காற்றில் போகும். எழுதிய கணக்கு தொழிலாளர் இலாகா ஆபீசர் முன்னால் நிற்கும். கூலிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வெளிமாநிலத் தோழர்களுக்கு 17ஆவது பிரிவை அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் பயந்து வாய்மூடி இருந்தால் நமது கூலியும் சேர்ந்து இறங்கும். கீழே உள்ள பவர் டேபிள்காரரைப் பகைவனாக எண்ணாதீர்கள். அவரையும் அழைத்துப் பேசுங்கள். அவருக்கு மேலே நிற்பவன் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறான் என்பதையும் அதே ஏட்டில் எழுதுங்கள். பாக்கி எங்கே தேங்கி நிற்கிறது என்று அடிமட்டத்திலிருந்து டில்லிவரை ஒரு நேர்கோடு போட்டுக் காட்டிவிட்டால், பிறகு யாரும் கம்ப்யூட்டரின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

கம்ப்யூட்டருக்குப் பசி கிடையாது. அது எத்தனை மாதம் வேண்டுமானாலும் “ஒத்துவரவில்லை” என்று சொல்லிக்கொண்டு நிற்கும். தொழிலாளி வீட்டு அடுப்பு அப்படி நிற்காது. சர்க்கார் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளட்டும். முதலாளி தன் வாபஸை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் உழைத்தவன் கூலி சனிக்கிழமை மாலை அவன் கைக்கு வந்தாக வேண்டும். இதில் தவணை கிடையாது!